மட்டிக்குள் பிளாஸ்டிக் எப்படிப் போகிறது? வடசென்னைக் கடலோரத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

கடல் உணவில் பிளாஸ்டிக் இருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால் முதலில் அடிபடுவது மீன் விற்கும் பெண்களின் பிழைப்புதான். காசிமேட்டில் ஆகட்டும், திருவொற்றியூர்ச் சந்தையில் ஆகட்டும், "எறால்ல பிளாஸ்டிக் இருக்காமே, சாப்பிடலாமாக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களாகிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கைத் தயாரித்தவரையோ தண்ணீரில் விட்டவரையோ யாரும் கேட்பதில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் நான்கு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. துகள் எங்கிருந்து வருகிறது, மட்டி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிர்களுக்குள் எப்படி நுழைகிறது, எவ்வளவு நுழைகிறது, நுழைந்தது நம் உடம்பை என்ன செய்யும்? இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது பிடிபடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வடசென்னையில் இருக்கும் நாம் தட்டைப் பார்த்துக் கவலைப்படுவதைவிடத் தண்ணீரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்.

துகள் எவ்வளவு சிறியது, எங்கிருந்து வருகிறது

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு எதுவானாலும் அது மைக்ரோபிளாஸ்டிக். கையால் பொறுக்கி எடுக்கக்கூடிய குருணையும் இதில் அடக்கம், மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் தூசியும் அடக்கம். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். 1 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் நானோபிளாஸ்டிக் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி இதனால் வருவதுதான். 2004-ல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் மைக்ரோபிளாஸ்டிக் என்ற பேச்சே பரவலானது.

சில துகள்கள் தயாரிக்கப்படும்போதே சிறியவை. பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் குருணை அப்படிப்பட்டது. 2021-ல் கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் சேர்ந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோதும் இதே வகைக் குருணை திருவனந்தபுரம் கரையிலும், பிறகு கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது.

ஆனால் பெரும்பாலான துகள்கள் பெரிய பொருட்கள் உடைந்து வருபவை. பிளாஸ்டிக் மக்காது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது நொறுங்கும் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. பொருள் வெளிறி, மொறுமொறுப்பாகி, தொட்டாலே உதிர்கிறது. அப்புறம் அலை வேலையைத் தொடர்கிறது.

வடசென்னைக் கரை இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து நகர்ந்து வந்த மணலை மறித்தது. மெரினாவில் மணல் சேர்ந்தது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. அதைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அந்தக் கல் இடுக்குகளில் சிக்கும் பையும், தண்ணீர் பாக்கெட்டும், தெர்மாகோல் துண்டும் எண்ணூர் வரைக்கும் வெயிலில் காய்ந்தபடி, ஒவ்வோர் அலைக்கும் கல்லில் உரசிக்கொண்டிருக்கின்றன. மணல் கரையில் குப்பையைப் பொறுக்கி எடுத்துவிடலாம். கல் இடுக்கில் கை போகாது.

நம் கண்ணில் படாத மூன்று ஊற்றுகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, துணி. பாலியெஸ்டர், அக்ரிலிக் துணிகள் துவைக்கும்போது இழை உதிர்க்கின்றன. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை மிஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இரண்டாவது, டயர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. டயரில் செயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது. அது தேய்ந்து சாலையில் படியும் கறுப்புத் தூள் முதல் மழையில் வடிகாலுக்குப் போகிறது. மூன்றாவது, மீன்பிடித் தொழிலே. நைலான் வலை, தங்கூசி, பிளாஸ்டிக் கயிறு, ஃபைபர் படகிலிருந்து உரியும் பெயிண்ட், மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி. கடலோர மக்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பருத்தி வலையும் கட்டுமரமும் போய் இவை வந்ததற்குப் பின்னால் பிழைப்பின் கட்டாயம் இருந்தது. காசிமேட்டில் கைவிடப்பட்ட வலைகளை விலை கொடுத்து வாங்கும் மையத்தை அரசு தொடங்கியிருப்பது சரியான திசையில் ஓர் அடி. குப்பைக்கு விலை கிடைத்தால் அது கடலுக்குப் போகாது.

கழிமுகத்தில் என்ன நடக்கிறது

வடசென்னையின் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். ஓட்டேரி நல்லா என்னும் ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கின்றன. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு இந்தக் கால்வாய்களின் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே போய் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோடு கலக்கிறது. ஆக, நகரத்தின் வடபாதியில் துவைத்த துணியின் இழையும் தேய்ந்த டயரின் தூளும் கடைசியில் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று எண்ணூர்க் கழிமுகம்.

ஆற்று நீர் வேகமாக ஓடினால் துகள்கள் கடலுக்குப் போய்ப் பரவிவிடும். கழிமுகத்தில் நீர் மெதுவாகிறது. கடல் ஏற்றம் உள்ளே தள்ளுகிறது, வற்றம் வெளியே இழுக்கிறது. இந்த இழுபறியில் துகள்கள் சேற்றில் படிகின்றன. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணும் படிந்து ஆழம் குறைந்துபோனதால் இது இன்னும் மோசம். எந்தத் துகள் எங்கே தங்கும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேரிபேக்கிலும் கயிற்றிலும் இருக்கும் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். தண்ணீர் பாட்டிலில் இருக்கும் பெட், வலையில் இருக்கும் நைலான், குழாயில் இருக்கும் பிவிசி ஆகியவை கனமானவை, அடிக்குப் போகும். மிதப்பவற்றிலும் பாசி படிந்து கனம் ஏறினால் அவையும் மூழ்கும். அதனால் கயிற்றில் தொங்கும் சிப்பிக்கும் சேற்றில் புதைந்திருக்கும் மட்டிக்கும் கிடைக்கும் பிளாஸ்டிக் ஒன்றாக இருக்காது.

மட்டி எப்படிச் சாப்பிடுகிறது

விஷயத்தின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மட்டியும் சிப்பியும் இரை தேடிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டி எடுத்துக்கொண்டு, மீதித் தண்ணீரை வெளியே விடுகின்றன. நன்றாக வளர்ந்த ஒரு சிப்பி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை இப்படிக் கடத்தும். இரவு பகலாக நடக்கும் வேலை இது. வடிகட்டுவது செவுள். அதன் மேல் அடர்த்தியாக நுண்மயிர்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அவை தண்ணீரையும் நகர்த்தும், பிடிபட்ட துகளைக் கோழையில் ஒட்டி வாய்ப்பக்கம் அனுப்பவும் செய்யும்.

வாய்க்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மடல் போன்ற இரண்டு ஜோடி உறுப்புகள் துகள்களைப் பிரித்து, வேண்டாததைக் கோழையோடு உருட்டி, குடலுக்குள் விடாமலேயே வெளியே தள்ளிவிடும். சேற்றுத் தண்ணீரில் மட்டி பிழைத்திருப்பது இந்தத் திறமையால்தான். பிளாஸ்டிக்கிலும் பெரிய துண்டுகளையும் நீண்ட இழைகளையும் ஓரளவுக்கு இப்படி ஒதுக்கிவிடுகிறது. பாசியின் அளவில் இருக்கும் துகள்களும், மேலே கிருமிப் படலம் படிந்து உணவைப் போலவே ஆகிவிட்ட துகள்களும் தப்பி உள்ளே போய்விடுகின்றன.

உள்ளே போனதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கழிவோடு வெளியேறும். எல்லாமே அல்ல. 2008-ல் ஓர் ஆய்வுக் குழு 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களை நீலச் சிப்பிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூன்று நாட்களுக்குள் அவை குடலிலிருந்து சிப்பியின் ரத்த ஓட்டத்துக்குப் போயிருந்தன, 48 நாட்களுக்கு மேலும் அங்கேயே இருந்தன. 2016-ல் பிரான்சில் ஆளிகளை (ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பி வகை) இரண்டு மாதம் பாலிஸ்டைரீன் துகள் கலந்த நீரில் வைத்தபோது முட்டைகளின் எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது, விந்தணுக்களின் வேகமும் குறைந்தது. சோதனைக்கூடத்தில் கொடுத்த அளவு இயற்கையில் இருப்பதைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பிளாஸ்டிக்கால் நமக்கு என்ன ஆகும் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். மட்டிக்கு என்ன ஆகும், அதை எடுத்துப் பிழைப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

எண்ணூரில் மட்டிக்குப் பிளாஸ்டிக் ஒன்றுதான் தொல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே செவுளில்தான் சாம்பலும் எண்ணெயும் கன உலோகமும் வந்து சேர்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. இது போதாதென்று தென்னமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிப்பி வந்து கழிமுகத்தின் தரையில் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்கும் வருமானம் தந்துவந்த மஞ்சமட்டியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

பண்ணையில் வளர்ந்தால் மட்டும் தப்புமா

பண்ணை என்றால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிப்பியைப் பொறுத்தவரை பண்ணை என்பது கடலிலோ கழிமுகத்திலோ கயிறு கட்டித் தொங்கவிடுவதுதான். கேரளத்தில் காசர்கோட்டின் படன்னாப் பகுதியில் இப்படித்தான் பச்சைச் சிப்பி வளர்க்கிறார்கள். தண்ணீர் பொதுத் தண்ணீர். கயிறும் மிதவையும் பெரும்பாலும் பிளாஸ்டிக். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் செய்த ஓர் ஆய்வில் இயற்கையில் வளர்ந்ததைவிடப் பண்ணைச் சிப்பியில் துகள் அதிகமாக இருந்தது. சீனக் கடலோரத்தில் செய்ததில் நேர்மாறாக இருந்தது. பண்ணையா இல்லையா என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதே முடிவு செய்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பண்ணை என்றால் இறால் குட்டைதான். 2009-ல் அனுமதி கிடைத்த பிறகு வனாமி இறால் எங்கும் பரவியது. கடலோரக் கழிகளிலிருந்தும் கால்வாய்களிலிருந்தும் இறைக்கும் நீரோடு துகளும் வரும். குட்டையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், காற்றூட்டும் கருவி, தீவனத்தில் சேரும் மீன்தூள் ஆகியவற்றிலிருந்தும் வரலாம். ஆனால் இறாலில் துகள் பெரும்பாலும் குடலில்தான் இருக்கும், நாம் சாப்பிடும் சதையில் குறைவு. மட்டியைக் குடலோடு முழுசாகச் சாப்பிடுகிறோம், இறாலில் குடலை எடுத்துவிடுகிறோம். பெரிய வித்தியாசம் இதுதான்.

எண்களை எப்படிப் படிப்பது

சதையைப் பொட்டாஷ் காரத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சுவதை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, வடிதாளில் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். அது பிளாஸ்டிக்தானா என்று அகச்சிவப்புக் கதிரை வைத்து உறுதிசெய்ய வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து எண்ணினால் பருத்தி இழையும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனைக்கூடக் காற்றிலும் ஆய்வாளர் சட்டையிலும் இழை இருப்பதால், மாதிரியே இல்லாமல் வெறும் பாத்திரத்தை வைத்து அதே சோதனையைச் செய்து, அதில் வருவதைக் கழிக்க வேண்டும். ஒரு குழு 300 மைக்ரோமீட்டருக்கு மேல் எண்ணும், இன்னொரு குழு 10-க்கு மேல் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'அங்கே அதிகம், இங்கே குறைவு' என்று எழுதினால் அர்த்தமே இல்லை.

2014-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் இருவர் வளர்ப்புச் சிப்பியில் ஒரு கிராமுக்கு 0.36 துகளும் ஆளியில் 0.47 துகளும் இருப்பதாகக் கண்டார்கள். ஐரோப்பாவில் சிப்பி நிறையச் சாப்பிடுபவருக்கு வருடத்துக்கு 11,000 துகள் வரை போகலாம் என்று அவர்கள் சொன்ன கணக்குதான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. எண்ணிக்கையை விட்டு எடையைப் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் போட்ட கணக்கின்படி 225 கிராம் சிப்பிச் சதையில் ஏறத்தாழ 7 மைக்ரோகிராம் பிளாஸ்டிக் இருக்கும். தூள் உப்பின் ஒரே ஒரு பரல்கூட இதைவிடப் பல மடங்கு கனம். நானோ அளவில் இருப்பது இதில் சேரவில்லை என்பது உண்மை.

இன்னொன்று. 2018-ல் ஸ்காட்லாந்தில் சிப்பியையும், சாப்பிடும் நேரத்தில் தட்டில் விழும் வீட்டுத் தூசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் ஒருவர் சிப்பி வழியாக வருடத்துக்கு விழுங்குவது 123 துகள் என்று வந்தது. தூசியிலிருந்து வந்த இழைகளோ 13,000-க்கும் மேல், அதிகபட்சமாக 68,000 வரை. மட்டியைத் தட்டிலிருந்து ஒதுக்கிவிட்டு பாலியெஸ்டர் திரைச்சீலைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் கணக்கு பெரிதாக மாறப்போவதில்லை.

உடம்புக்கு என்ன

150 மைக்ரோமீட்டருக்குப் பெரிய துகள்கள் குடலைத் தாண்டி உடலுக்குள் போக வாய்ப்பில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதைவிடச் சிறியவைதான் பிரச்சினை. 2022-ல் நெதர்லாந்தில் ரத்த தானம் செய்த 22 பேரில் 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. 2024-ல் இத்தாலி மருத்துவர்கள் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு நீக்கிய 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் ஏற்படும் வாய்ப்பு சுமார் நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று இது காட்டுகிறது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் மீனிலிருந்து வந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. உணவில் இருக்கும் துகள்களை அளக்க ஒரே மாதிரியான முறையை உருவாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மார்ச்சில் தொடங்கியது.

சமையலறையிலும் கரையிலும்

இறாலை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுப்பது நம் வீடுகளில் பழக்கம்தான், அதை விடாதீர்கள். நெத்திலியையும் தலையோடு குடலைக் கிள்ளி எடுத்துவிடலாம். உயிருள்ள மட்டியை மண் கக்க விடும்போது சுத்தமான உப்புத் தண்ணீரில் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் குடலில் இருக்கும் துகளிலும் ஒரு பங்கு வெளியேறும். பண்ணைகளில் இதையே தொட்டி கட்டி நாள்கணக்கில் செய்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பிளாஸ்டிக்கும் உலோகமும் போகாது. சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்த மட்டியை வாங்காமல் இருப்பது நல்லது, அதற்குக் காரணம் பிளாஸ்டிக்கைவிடக் கிருமியும் உலோகமும்தான்.

வீட்டில் செய்ய முடிவது இவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14-க்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பை இயக்கமும் நடக்கிறது. பைக்கு அது பொருந்தும். டயர் தூளுக்கும் துணி இழைக்கும் மஞ்சப்பை பதிலாகாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடினால் இழைகளில் பெரும்பகுதி கசடில் தங்கிவிடும். ஆகவே சுத்திகரிக்காமல் கால்வாயில் விடும் ஒவ்வொரு குழாயும் மைக்ரோபிளாஸ்டிக் குழாய்தான்.

எண்ணூருக்கு உடனடியாகத் தேவைப்படுவது தொடர்ச்சியான அளவீடு என்பேன். ஒருமுறை வந்து பத்து மட்டியை எடுத்துப்போய்ச் செய்யும் ஆய்வு செய்திக்கு உதவும், கழிமுகத்துக்கு உதவாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், கோடையிலும், அதே இடங்களில், அதே அளவு மட்டியையும் அதே ஆழத்துச் சேற்றையும் எடுத்து, வருடக்கணக்கில் ஒரே முறையில் அளக்க வேண்டும். பிளாஸ்டிக்கோடு உலோகத்தையும் எண்ணெயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தேசியக் கடலோர ஆய்வு மையம் சென்னையிலேயே இருக்கிறது, கருவிக்கும் ஆளுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. எந்தெந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பதைக் கழிமுகத்தில் தினமும் இறங்குபவர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். அந்த வேலையை அவர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படைக்கவும் செய்யலாம்.